உதிரம் குடித்தது யார்?

1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில், அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரையொட்டிய கல்வர் சிட்டி இடுகாட்டிலே ஒரு முதியவரைப் புதைத்தார்கள். வயது எழுபத்து மூன்று. அவர் உடலுக்கு உடுத்தியிருந்தது நாடக உடை! கறுப்பு மேலங்கி! 'டிராகுலா' என்னும் இரத்தக்காட்டேரியாக அவர் மேடையிலும் வெண்திரையிலும் தோன்றிய அதே கோலம்.

நாடகம் முடிந்ததும் நடிகன் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறான். இவரோ வேடத்தைக் கலைக்காமலே மண்ணுக்குள் போனார். அவரே அப்படிக் கேட்டுக் கொண்டார் என்று கதை கட்டினவர்கள் உண்டு. உண்மை அதுவல்ல. அவர் அதைத்தான் விரும்பியிருப்பார் என்று எண்ணி, மகனும் மகனைப் பெற்றவளும் செய்த முடிவு அது. மனிதரையும் வேடத்தையும் பிரித்துப் பார்க்க வீட்டாராலும் முடியவில்லை. ஊராரால் எப்படி முடியும்?

பேலா லுகோசி என்பது அவர் பெயர். காட்டேரியைக் கண்டு அலறிக் கைகொட்டியவர்கள் ஏராளம். அந்தக் கறுப்பு அங்கிக்குள்ளே ஒரு தொழிலாளி இருந்தான் என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. அந்தச் சிலருள் நாமும் சேர்வோம், தோழர்களே!

ஊர்ப் பெயர் தாங்கியவர்

பிறந்த நாள் 1882 அக்டோபர் 20. பிறந்த ஊர் லுகோஸ். அன்று அது அங்கேரி அரசிலே இருந்தது. இன்று ருமேனியாவிலே இருக்கிறது. பெற்றோர் இட்ட பெயர் பேலா பிளாஸ்கோ. 'லுகோசி' என்றால் அங்கேரிய மொழியில் 'லுகோஸ் ஊரான்' என்று பொருள். நம் நாட்டு நாடகக்காரரும் நாதசுர வித்துவானும் பெயருக்கு முன்னே ஊரை வைத்துக் கொண்டது போல, அவர் பெயருக்குப் பின்னே வைத்துக் கொண்டார். பின்னாளிலே அந்த மண்ணை விட்டு ஓடினார். தாய்நாடு திரும்பாமலே செத்தார். ஊர் மட்டும் பெயரிலே ஒட்டிக் கொண்டு கடைசி வரை கூடவே போயிற்று.

தந்தை ரொட்டி சுடும் தொழிலில் தொடங்கி வங்கிக்காரராக உயர்ந்தவர். மகனுக்கோ பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வீட்டுக் கட்டுப்பாடும் பிடிக்கவில்லை. சிறு வயதிலேயே இரண்டையும் விட்டுக் கிளம்பினான். சுரங்கத்திலே வேலை செய்தான். இரும்புப் பட்டறையிலே வேலை செய்தான். கரி படிந்த கைகளோடு வளர்ந்த அந்தப் பையன், இருபது வயதையொட்டி, ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழுக்களிலே ஒட்டிக் கொண்டான்.

எந்த வேடம் கொடுத்தாலும் ஏற்றார். 1909இலே ஏசுநாதர் வேடத்திலே நடித்தார். அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கிறது. தாடி, நீண்ட முடி, சாந்தம் தவழும் கண்கள்! சிலுவையைக் கண்டால் நடுங்கி ஓடும் காட்டேரியாகத்தான் உலகம் அவரை அறியும். சிலுவை சுமந்தவராகவும் அவர் நடித்தார் என்பதை எத்தனை பேர் அறிவர்?

1913இலே தலைநகரான புடாபெஸ்டில் தேசிய நாடக அரங்கில் சேர்ந்தார். பின்னாளில் அமெரிக்காவிலே விளம்பரம் எழுதியவர்கள், அங்கே அவர் முடிசூடா மன்னராக விளங்கினார் என்று அளந்தார்கள். அவரும் அதை மறுக்கவில்லை. அங்கே அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சிறு வேடங்களே. அந்தச் சிறு வேடங்களிலிருந்துதான் அவர் ஒரு பெரிய பாடத்தைக் கற்றார்.

அரிதாரம் பூசிய தொழிலாளி

1914இலே உலகப் போர் மூண்டது. லுகோசி பட்டாளத்திலே சேர்ந்தார், ருசியப் போர்முனையிலே காயம் பட்டார், 1916இலே விடுவிக்கப்பட்டார். போர் முடிந்தபோது மன்னர் ஆட்சி சரிந்தது. 1919 மார்ச் 21இலே, பேலா குன் என்பாரின் முன்னணியில் அங்கேரியிலே சோவியத் குடியரசு அறிவிக்கப்பட்டது. அந்த ஆட்சியின் நிறை குறை தனிக் கட்டுரைக்கு உரியது. அந்த நாட்களிலே நடிகர் லுகோசி செய்தது என்ன என்பதே இங்கு நம் கேள்வி.

சங்கம் கட்டினார்!

நடிகர்களைத் திரட்டித் தொழிற்சங்கம் அமைத்தவர்களிலே அவர் முன்னணியில் நின்றார். நடிகனும் தொழிலாளியே என்று நடிகர்களின் ஏட்டிலே எழுதினார். கலைஞன் வேறு, கூலிக்காரன் வேறு என்று ஊர் பேசிய காலம் அது. 'நீ கலையின் செல்லப்பிள்ளை, உனக்கேன் கூலிக் கணக்கு?' என்று முதலாளி முதுகைத் தட்டிக் கொடுப்பான். தட்டிய கையாலேயே சம்பளத்தையும் தட்டிவிடுவான். சுரங்கத்திலே கரி சுமந்த கைக்கு அந்தத் தட்டலின் பொருள் தெரியாதா?

குடியரசு 133 நாட்களே வாழ்ந்தது. ஆகஸ்டிலே கவிழ்ந்தது. அதன் பின்னே பழிவாங்கும் படலம். சங்கம் கட்டியவர்கள் தேடப்பட்டார்கள். லுகோசி வியன்னாவுக்குத் தப்பினார். அங்கிருந்து பெர்லினுக்குப் போனார். ஜெர்மானியப் படங்கள் சிலவற்றிலே நடித்தார். 1920 டிசம்பரிலே, சரக்குக் கப்பல் ஒன்றிலே சிப்பந்தியாக வேலை செய்து கொண்டே, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்திலே போய் இறங்கினார். வயது முப்பத்தெட்டு. கையிலே காசு இல்லை. வாயிலே ஆங்கிலம் இல்லை. தேசிய அரங்கின் நடிகர், கப்பல் கூலியாகக் கரையேறினார்!

ஓசையை விழுங்கியவர்

நியூயார்க்கிலே அங்கேரியிலிருந்து குடியேறிய உழைப்பாளிகள் திரளாக இருந்தார்கள். அவர்களுக்காக அவர்கள் மொழியிலேயே நாடகம் போட்டுக் காலம் தள்ளினார். 1922இலே முதன்முதலாக ஆங்கில நாடகம் ஒன்றிலே வாய்ப்புக் கிடைத்தது. மொழி தெரியாதே, என்ன செய்வது? வசனம் முழுவதையும் ஓசை ஓசையாக மனப்பாடம் செய்தார். சொல்லின் பொருளைப் பிறர் விளக்கக் கேட்டு, அந்த ஓசைக்குள்ளே உணர்ச்சியை ஊற்றினார். வேற்று மண்ணிலே பிழைக்கப் போன எவருக்கும் அந்த வேதனை புரியும். நாக்கு ஒன்று, ஒலி இன்னொன்று. நெஞ்சிலே ஊறும் மொழி மூன்றாவது.

அந்தப் புரளாத நாக்குத்தான் அவரைப் புகழின் உச்சியிலே ஏற்றிற்று.

அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் 1897இலே எழுதிய கதை 'டிராகுலா'. கிழக்கு ஐரோப்பாவின் மலைநாட்டிலிருந்து ஒரு பிரபு இங்கிலாந்துக்குக் கப்பலேறி வருகிறான். வந்தவன் இரத்தம் குடிக்கும் காட்டேரி என்பது கதை. அதை நாடகமாக்கி, 1927 அக்டோபர் 5ஆம் நாள் நியூயார்க்கின் ஃபுல்டன் அரங்கிலே ஏற்றினார்கள். டிராகுலா வேடம் லுகோசிக்கு. இழுத்து இழுத்து, ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு நிறுத்திப் பேசினார். அரங்கம் உறைந்தது. 261 முறை நடந்தது அந்த நாடகம்.

இங்கே ஒரு செய்தியைக் கூர்ந்து பாருங்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1924இலே, அமெரிக்கா ஒரு சட்டம் செய்திருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் வருவோர் தொகையை வெட்டிச் சுருக்கிய சட்டம் அது. ஆசியர்களுக்கோ கதவை அடியோடு அடைத்தது. 'வேற்றூரான் வருகிறான், ஆபத்து வருகிறது' என்று வாசலைச் சாத்திய நாடு, அதே வேற்றூரான் பயங்கரமானவனாக மேடையேறியபோது காசு கொடுத்துக் கண்டு களித்தது! வாசலிலே வேண்டாதவன், மேடையிலே வேண்டியவன். பிழைக்க வந்த மனிதனுக்கு அங்கே பேயாக இருக்கத்தான் இடம் தந்தார்கள்.

ஐந்நூறு டாலர் காட்டேரி

நாடகம் வென்றதும் யூனிவர்சல் படக் கம்பெனி அதைப் பேசும்படமாக்க முனைந்தது. நாடகத்தை வெற்றியாக்கிய லுகோசியைத்தானே முதலிலே அழைத்திருக்க வேண்டும்? அழைக்கவில்லை. வேறு நடிகர்களை எண்ணினார்கள். வாய்ப்புக்காக அவரே அலைந்தார். அலைகிறவனுக்கு என்ன விலை கிடைக்கும் என்பதைக் கூலிச் சந்தையிலே நின்றவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வாரம் 500 டாலர், ஏழு வாரம், மொத்தம் 3,500 டாலர். இதுவே அவருக்குக் கிடைத்த ஊதியம் என்று எழுதப்பட்டிருக்கிறது.

1931 பிப்ரவரியிலே படம் வெளிவந்தது. வசூல் பெருகிற்று. பொருளாதார நெருக்கடியிலே மூச்சுத் திணறிய கம்பெனி நிமிர்ந்தது. பேய்ப்படம் எடுப்பதே ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. அந்தக் கம்பெனியை நிறுவிய கார்ல் லெம்லியும் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்தான். இருவரும் கடல் கடந்து வந்தவர்கள். ஒருவர் கையிலே கம்பெனி இருந்தது. மற்றவர் கையிலே முகம் மட்டும் இருந்தது. படம் ஓட ஓடக் கம்பெனிக்குக் காசு வந்து கொண்டேயிருந்தது. முகத்துக்கு ஒரே தடவைக் கூலி!

அதே 1931இலே லுகோசி அமெரிக்கக் குடிமகன் ஆனார். சட்டம் அவரை ஏற்றுக் கொண்டது. படக் கம்பெனியோ 'உன் பேச்சு பேயின் பேச்சு' என்று முத்திரை குத்திவிட்டது. காதலன் வேடம் கேட்டார், இல்லை என்றார்கள். குடும்பத் தலைவன் வேடம் கேட்டார், கைவிரித்தார்கள். பைத்தியக்கார விஞ்ஞானி, கொலைகார மருத்துவன், மந்திரவாதி ஆகிய வேடங்கள்தான் வந்தன. 1939இலே கிரேட்டா கார்போ நடித்த 'நினாச்கா'விலே சிறிது நேரம் ருசிய அதிகாரியாக, பேயாக இல்லாமல் மனிதனாக, வந்து போனார். அத்தகைய வாய்ப்புகள் அரிது.

அவர் மீதும் குறை உண்டு. வந்த பணத்தை வாரி இறைத்தார். கிடைத்த படங்களையெல்லாம் ஒப்புக் கொண்டார். 'ஃபிராங்கென்ஸ்டைன்' படத்திலே பூதமாக நடிக்க முதலில் பேசப்பட்டவர் அவரே. முகத்தை மூடும் ஒப்பனை, வசனமே இல்லாத வேடம், அது எனக்கு வேண்டாம் என்றார் என்பர் சிலர். கம்பெனியே விலக்கியது என்பர் வேறு சிலர். எப்படியோ அந்த வேடம் போரிஸ் கார்லாஃப் என்பவருக்குப் போயிற்று. அவரும் லண்டனிலிருந்து குடியேறியவரே. முன்னோர் வழியிலே இந்தியக் கலப்பும் உள்ளவர். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி. கார்லாஃப் உயர்ந்தார்; லுகோசி சறுக்கினார்.

குறைகளைக் கணக்கிலே எழுதியாயிற்று. ஆனால் தோழர்களே, தொழிலாளி ஊதாரி என்று முதலாளி சொல்வது எப்போதுமுள்ள பல்லவி. கொடுத்த கூலி என்ன என்பதைச் சொல்லிவிட்டு அல்லவா அந்தப் பல்லவியைப் பாட வேண்டும்!

மறுபடியும் சங்கம்

1933இலே ஹாலிவுட் நடிகர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள். நேரம் காலம் இல்லாத வேலை, நினைத்தபோது சம்பள வெட்டு ஆகியவை அவர்களைத் திரட்டின. நிறுவியவர்களிலே கார்லாஃப் ஒருவர். தொடக்க நாட்களிலேயே சேர்ந்து உழைத்தவர்களிலே லுகோசி ஒருவர். திரையிலே ஒருவரையொருவர் கொல்லப் பாய்ந்த பூதமும் காட்டேரியும் சங்கத்திலே தோளோடு தோள் நின்றார்கள்! புடாபெஸ்டிலே சங்கம் கட்டியதற்காக நாட்டை இழந்த மனிதர், பதினான்கு ஆண்டுகள் கழித்து, அயல் நாட்டிலே மீண்டும் சங்கச் சீட்டு வாங்கினார் என்றால், அந்த நெஞ்சுரத்தை என்னவென்பது! 1937இலே படமுதலாளிகள் அந்தச் சங்கத்தை ஏற்று ஒப்பந்தம் செய்தார்கள்.

ஆனால் அந்த ஆண்டுகளிலேதான் அவர் வீட்டு அடுப்பு அணைந்தது. பேய்ப்படங்களுக்குப் பிரிட்டனிலே எதிர்ப்பு எழுந்ததும் கம்பெனிகள் அவற்றை நிறுத்திக் கொண்டன. வேலை இல்லை. வீடு கைவிட்டுப் போயிற்று. 1938 ஜனவரியிலே மகன் பிறந்தபோது, திரைத் தொழிலாளர் உதவி நிதியின் கையை நாட வேண்டியிருந்தது. உலகையே நடுங்க வைத்த டிராகுலா, பிள்ளைப்பேற்றுச் செலவுக்குக் கையேந்தினார்!

அதே 1938இலே லாஸ் ஏஞ்சல்ஸ் கொட்டகை ஒன்றிலே பழைய 'டிராகுலா', 'ஃபிராங்கென்ஸ்டைன்' படங்களை மீண்டும் ஓட்டினார்கள். கூட்டம் அலைமோதிற்று. கம்பெனி விழித்தது, நாடெங்கும் ஓட்டிக் காசு அள்ளிற்று. அடுத்த படமும் எடுக்கத் துணிந்தது. 'ஃபிராங்கென்ஸ்டைனின் மகன்' என்ற அந்தப் படத்துக்கு லுகோசியை அழைத்தார்கள். சம்பளம் வாரம் 500 டாலர். அதிலும் தந்திரம் பாருங்கள்: அவர் பங்கு முழுவதையும் ஒரே வாரத்திலே எடுத்து முடித்துவிடத் திட்டம்! இயக்குநர் ரோலண்ட் லீ என்பவர் மனிதர். அவர் அந்தத் திட்டத்துக்கு இசையவில்லை. படப்பிடிப்பு நடந்த காலம் முழுவதும் லுகோசிக்கு வேலை இருக்கும்படி காட்சிகளை வளர்த்தார். இக்கோர் என்ற கழுத்து முறிந்த கிழவனாக அதிலே லுகோசி காட்டிய நடிப்பு, அவருடைய தலைசிறந்த வேடங்களிலே ஒன்று. ஒரு நல்ல மனிதர் பரிவு காட்டினார், கலை பிழைத்தது. ஆனால் பரிவை நம்பி எத்தனை வீட்டிலே உலை வைக்க முடியும்?

1943இலே, ஒரு காலத்திலே கைநழுவிய அதே பூத வேடம் அவருக்கு வந்தது. வயது அறுபது. பூதம் பேசுவதாக எழுதி, படமும் பிடித்தார்கள். பிறகு போட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பேச்சு முழுவதையும் வெட்டி எறிந்தார்கள். நாக்கைக் காட்டிச் சம்பாதித்தவரின் நாக்கையே வெட்டிவிட்டார்கள்! வாயசைவு மட்டும் மிச்சம்.

அந்தப் போர்க் காலத்திலே, ஜனநாயகத்துக்காக அமெரிக்க அங்கேரியர் அமைத்த கழகத்துக்குத் தலைமை தாங்கினார். அங்கேரியிலே நாஜிகளிடம் சிக்கிய யூதர்களுக்கு அமெரிக்கா கதவைத் திறக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார். தப்பி ஓடி வந்தவனுக்குத்தான் கதவின் அருமை தெரியும்.

முகம் யாருடையது?

கால் வலி அவரை வாட்டியது. பழைய போர்க்காயத்தின் விளைவு என்றார்கள். வலிக்கு மருந்து, மருந்துக்கு அடிமை. 1955 ஏப்ரலிலே தாமாகவே போய் அரசாங்க மருத்துவமனையிலே சேர்ந்தார். 'நான் மருந்துக்கு அடிமையானேன், என்னை மீட்டு விடுங்கள்' என்று ஒளிவு மறைவின்றிக் கேட்டார். அந்நாளிலே புகழ் பெற்ற நடிகர்கள் வெளியே சொல்லத் துணியாத செய்தி அது. மூன்று திங்களுக்கு மேல் போராடி, ஆகஸ்டிலே மீண்டு வந்தார். ஓராண்டு முடிந்தது, 1956 ஆகஸ்ட் 16இலே உயிர் பிரிந்தது.

செத்த பிறகும் விட்டார்களா? அவர் சாவதற்கு முன் எடுத்த சில நிமிடத் துண்டுகளை வைத்துக் கொண்டு ஒரு மலிவுப் படத்தை முடித்தார்கள். மிச்சக் காட்சிகளுக்கு வேறோர் ஆளை நிறுத்தி, கறுப்பு அங்கியால் அவன் முகத்தை மறைத்துவிட்டு, 'இதோ லுகோசி!' என்றார்கள்.

1960 முதல் யூனிவர்சல் கம்பெனி டிராகுலா உருவத்தைப் பொருள் செய்வோருக்கு உரிமம் விற்றது. பென்சில் சீவும் பொம்மை, பனியன், சீட்டுக்கட்டு, சோப்பு, காற்றாடி, முகமூடி, இடுப்புப் பட்டை எனப் பலவற்றிலும் அந்த முகம்! மகனும் மனைவியும் வழக்குத் தொடுத்தார்கள். 'எங்கள் அப்பன் முகத்தை விற்க நீங்கள் யார்?' என்பதே கேள்வி. 1972இலே கீழ்மன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1979இலே கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. தன் முகத்தை விலை பேசும் உரிமை உயிரோடிருக்கும் வரை அவனுக்கு உண்டு. அவன் செத்தால் அந்த உரிமையும் சாகும், பிள்ளைக்குப் போகாது என்றது. வீடு பிள்ளைக்குப் போகும்; வயல் பிள்ளைக்குப் போகும்; முகம் மட்டும் போகாதாம்!

அந்தத் தீர்ப்பு எழுப்பிய கேள்வி அடங்கவில்லை. 1985 முதல் கலிஃபோர்னியாவிலே புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இறந்தவரின் பெயரையும் உருவத்தையும் வாணிபத்துக்குப் பயன்படுத்த, வாரிசின் இசைவு வேண்டும் என்றது அது. கல்லறைக்குள்ளிருந்தும் அந்தச் சங்கக்காரர் ஒரு சட்டத்துக்கு விதை போட்டார்! 1995இலே, லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவ் என்ற நடிகருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. லுகோசியாகவே வாழ்ந்த லுகோசிக்கு அது கிடைத்ததில்லை.

அவர் கதை முடிந்ததா? இல்லை. 2023இலே அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது. கோரிக்கைகளிலே ஒன்று: இயந்திர அறிவைக் கொண்டு எங்கள் முகத்தையும் குரலையும் நகல் எடுத்தால், எங்கள் இசைவு வேண்டும், கூலி வேண்டும் என்பது. அதற்கான விதிகளை ஒப்பந்தத்திலே ஏற்றிய பிறகே வேலைக்குத் திரும்பினார்கள். 3,500 டாலருக்கு முகத்தைக் கொடுத்துவிட்டுப் போனவரின் வழக்கை, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் உழைத்து வளர்த்த சங்கமே வாதாடிற்று.

தறிக்காரனுக்குக் கையும் காலும் கருவி. மூட்டை தூக்குவோனுக்கு முதுகு கருவி. நடிகனுக்கு முகம் கருவி, குரல் கருவி. கருவி தேய்ந்த பிறகு முதலாளி முகம் திருப்புவான். தேயாத கருவியானால், ஆள் செத்த பிறகும் அதை விடமாட்டான். தனியாக நின்றவனுக்கு வாரம் 500 டாலர். அணியாக நின்றவர்களுக்கு ஒப்பந்தம், விதி, உரிமை. இதை 1919இலேயே கண்டு சொன்னவர், கறுப்பு அங்கியைப் போர்த்திக் கொண்டு கல்வர் சிட்டி மண்ணிலே கிடக்கிறார்.

அடுத்த முறை அந்தக் காட்டேரி முகத்தை எங்காவது ஒரு பனியனிலே, ஒரு பொம்மையிலே கண்டால், சற்று நின்று பாருங்கள், தோழர்களே! அது சங்கம் கட்டிய ஒரு தொழிலாளியின் முகம். உதிரம் குடித்தவன் அவனல்ல.